அரை விரற்கடை

இந்த லேத் நடக்கிறது, விற்கிறவருக்கு அது தெரியும், எனக்கும் தெரிந்துவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியாது என்று, பழைய இரும்புக்காரரின் கொட்டகையில் நின்றபோது அவள் நினைத்தாள். சுவரோரம் தொடங்கிய எண்ணெய்க்கறை ஒன்று, லேத்தின் அகலத்துக்கே, சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு கொட்டகையின் நடுவரை வந்திருந்தது. வழிநெடுகத் தரையில் நான்கு நான்காகத் துளைகள், ஒவ்வொன்றிலும் தலை ஒடிந்த போல்ட். சுவரிலிருந்து வந்த மின்கம்பி, கொடிக்கயிறு போல விறைத்து நின்றது.

“இருபது வருஷமா இதே எடம்தாம்மா. கல்லு மாதிரி நிக்கும்,” என்றார் இரும்புக்காரர்.

“ப்ளக் பாயிண்ட் ஏங்க அவ்ளோ தூரத்துல இருக்கு?”

“அது ஒரு காத்தோட்டத்துக்கு.”

பூல் மேசையில் பந்தை அடிக்கிற கோல் செய்வது அவள் தொழில். அதுவரை அடுத்தவர் பட்டறையில் மணிக்கணக்குக்கு லேத்தை வாடகைக்கு எடுத்துக் கடைந்துகொண்டிருந்தவள், சொந்தமாக ஒன்று வாங்க இரண்டு மாதமாக அலைந்தாள். முதலில் பார்த்ததில் உளி ஓடுகிற தண்டவாளம், மரத்தைப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. அங்கே சரியாக ஓடும்படி திருகை இறுக்கினால் மறுகோடியில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டாவதன் சுழல்தண்டுக்கு நடுவே இருந்த துளையில் அவள் சுண்டுவிரல்தான் நுழைந்தது. கோலின் அடிப்பாகம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வரவேண்டும் என்பதற்காகவே பாதி கடைந்த கட்டை ஒன்றைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாவதுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஓடவிட்டதும் பல்வலிக்காரன் போல முனகியது. நான்காவதான இதில் கட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இரும்புத்தண்டு ஒன்றைச் சக்கில் மாட்டி, மயிரிழை கோணினாலும் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜை அதன்மேல் வைத்துச் சுற்றினாள். முள் அசையவே இல்லை. இவ்வளவு நேராகச் சுழல்கிற ஒன்று ஏன் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது என்று யோசித்தாள். இரும்புக்காரர் மறுபடியும் “கல்லு மாதிரி” என்றபோது, அந்த இரும்பின் சார்பில் அவளுக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவளைப் பற்றியும் அக்கா உறவுக்காரர்களிடம் அப்படித்தான் சொல்வாள். இப்பல்லாம் ஒரே எடத்துல இருக்கா, முன்ன மாதிரி இல்ல.

அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டாள். ஒன்பது வேலைகளை விட்டாள். கல்யாணம் பதினாலு மாதம். கணவர் கெட்டவர் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது, கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்க, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள், அவ்வளவுதான். யாரிடமும் அவள் முடியாது என்று சொன்னதில்லை, சொல்லாமல் போய்விடுவதுதான் வழக்கம். அக்கா மூன்று ரயில் மாறிப் போய்த் தேடிக் கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு அக்கா ஏழு வருஷமாக வாசற்படி தாண்டவில்லை. காரணம் கேட்டவர்களிடம், போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஒரே தடவையில் போய்வந்துவிட்டதாகச் சொன்னாள். வீட்டின் கடைசி அறையில் உட்கார்ந்து, தங்கை செய்யும் கோல்களுக்கு உறை தைத்தாள்.

லேத்தைத் தெருவை ஒட்டிய முன்னறையில் இறக்கினார்கள். ஐந்தாம் நாள் அக்கா கையில் தையல் அளவுநாடாவோடு வந்து நின்றாள்.

“ஏய், இது நகந்திருக்கு.”

“ஆமாக்கா.”

“என்னடி ஆமா? தெரிஞ்சேதான் வாங்கினியா?”

“ஒரு நாளைக்கு அரை விரற்கடைதான்க்கா.”

“எந்த ஊருக்கும் அடங்காதவ, தேடிப் புடிச்சு வாங்கினதும் உன்ன மாதிரியே வாங்கியிருக்க பாரு.”

எப்படித் திருப்பி வைத்தாலும் அது மேற்கே பார்த்துத்தான் போனது. ஒருமுறை ஆறு ஆட்களை வைத்துப் பின்னால் இழுத்துவிட்டார்கள். விட்ட தூரத்தை ஒரே வாரத்தில் பிடித்துவிட்டது. தினமும் காலையில் அவள் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்கு அடியில் மெல்லிய தகடு செருகினாள். செருகி முடித்த பிறகே கடைசல். கோலுக்கான மரத்தை ஒரே மூச்சில் கடையக் கூடாது, முறுக்கிக்கொள்ளும். ஒரு மயிரிழை சீவி, ஒரு மாதம் தொங்கவிட்டு, மறுபடி ஒரு மயிரிழை சீவ வேண்டும். ஆக, முன்னறையில் தொடங்கிய கோல் கூடத்தில் முடிந்தது. முதல் சுவர் வந்ததும் கொத்தனார் வந்தார். “ஊர்ல எல்லாம் வீட்டுக்கு மெஷின் வாங்குவாங்க. நீங்க மெஷினுக்கு வீட்டக் குடுக்குறீங்க,” என்று சொல்லிக்கொண்டே உடைத்தார். இரண்டு வருஷம் கூடத்தில் லேத்தைச் சுற்றிக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அவள் கோல்கள் வளைவதில்லை என்று பேர் வந்தது. அதைவிட, அத்தனை நாளில் ஒருநாள்கூடக் கிளம்பிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தன் பங்கை யாரோ தினமும் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று உடம்பு நினைத்துக்கொண்டதோ என்னவோ.

மூன்றாம் வருஷம் லேத் அக்காவின் அறைச் சுவருக்கு ஒரு முழம் இருக்கையில், அக்கா அழுதாள். இந்த அறையும் போச்சு என்றால் அதற்கப்பால் காலி மனை. லேத் வெளியே போனால் அதன் பின்னால் நீயும் போவாய் என்றாள். தங்கை அன்றே கடைக்குப் போனாள். கட்டைவிரல் பருமனில் நான்கு போல்ட் வாங்கி, வீட்டின் அஸ்திவாரம் வரை துளைத்து இறுக்கினாள். லேத் நின்றது. மறுநாள் முதல் வீடு நடந்தது.

அதுவும் அரை விரற்கடைதான். முதலில் தண்ணீர்க் குழாய் ஒடிந்தது. பிறகு வாசற்படி வாசலை விட்டுப் பிரிந்து தனியாக நின்றது. தபால்காரர் அந்த இடைவெளியை எட்டிக் குனிந்து, “வீடு தள்ளிப் போயிருக்கே?” என்று கேட்டுவிட்டுக் கடிதத்தைக் கொடுத்துப் போனார். நகராட்சி ஆள் வந்து சங்கிலி பிடித்து அளந்து, முப்பது நாளுக்குள் வீட்டைப் பழைய இடத்தில் வைக்கும்படி நோட்டீஸ் ஒட்டினார். அக்காவுக்கு அதில் கஷ்டமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, காலி மனையின் புதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருவதைப் பார்த்துக்கொண்டே தைத்தாள். லேத் கண்ணெதிரே அசையாமல் நிற்க, தங்கைதான் தவித்தாள். வீட்டுக்குள்ளேயே செருப்போடு நடந்தாள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்தாள். நாற்பத்தோராம் நாள் காலை, பையில் இரண்டு புடவையோடு பேருந்து நிலையத்தில் தான் நிற்பதை அவளே பார்த்தாள். எந்த ஊருக்கு என்று நடத்துனர் கேட்டபோது பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து போல்ட்டுகளைக் கழற்றினாள். பேருந்து நிலையத்தைப் பற்றி அக்காவிடம் சொல்லவில்லை. வீடு முழங்கை நீளம் நகர்ந்த இடத்திலேயே நின்றுகொண்டது. லேத் தன் போக்கில் அக்காவின் அறைக்குள் போய், கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே ஒரு வருஷத்துக்கு மேல் கடந்து, கடைசிச் சுவரைத் தொட்டது.

இந்தத் தடவை கொத்தனாரைக் கூப்பிடாமல் அவளே உளியும் சுத்தியலும் எடுத்தாள். முதல் வரிசைச் செங்கல் பெயர்ந்ததும் புதரின் பச்சை தெரிந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“திரும்ப போல்ட்டப் போட்டுடேன்.”

“வீடு நடக்கும்க்கா.”

“நடக்கட்டுமே. குழாய வேற பைப் போட்டு நீட்டிக்கலாம். நோட்டீஸ் ஒட்டுறவன் ஒட்டிட்டுப் போறான். எனக்கு உன்கூட வந்த மாதிரியும் இருக்கும், எங்கயும் போகாத மாதிரியும் இருக்கும்.”

அக்கா இதை எத்தனை நாளாகப் பொத்தி வைத்திருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. சரி என்றால் அக்கா இன்று சிரிப்பாள். நாற்பது நாள் கழித்து ஏதோ ஒரு மதியம், தைத்துக்கொண்டிருக்கும்போது வீடு காலியாக இருப்பது தெரியவரும், தேடிப் போக மறுபடி ரயில் ஏற அக்காவின் கால்கள் வராது. கேட்டவளுக்கு அது தெரியாது. கேட்கப்பட்டவளுக்குத் தெரியும். கால்விரல்கள் பழக்கதோஷத்தில் செருப்பைத் தேடின. அவள் அவற்றைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

“ஏண்டி, எனக்காக இது ஒண்ணு செய்யக் கூடாதா?”

“மாட்டேன்க்கா,” என்றாள் அவள், இன்னொரு டம்ளர் டீ வேண்டாம் என்பது போல, அடுத்த செங்கல்லில் உளியை வைத்தபடியே.