தூசி கிடைக்காத தெரு

மூடிய ஆலையைச் சுற்றியுள்ள மண்ணில் ஆர்சனிக் நஞ்சு இருந்தது. அது மக்கள் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று கணக்கிட, வீட்டுத் தூசியைச் சேகரிப்பது என் வேலை. "ஒரு வாரம் பெருக்காதீங்க" என்று தெரு முழுக்கத் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன்.

முதல் வீட்டுத் தரையில் என் முகமே தெரிந்தது.

"பெருக்க வேண்டாம்னு சொன்னேனேம்மா!"

"நாலு பேர் வர்ற நேரத்துல வீட்டைக் குப்பையா வைக்க முடியுமா?" என்றார் வீட்டுக்காரம்மா. "தூசிதானே வேணும்? எதிர்வீடு என் நாத்தனார் வீடுதான். மூட்டை கட்டியே எடுத்துட்டுப் போகலாம்."

தலையில் அடித்துக்கொண்டு போனேன். நாத்தனார் கதவைத் திறந்தார். ஜன்னல் விளிம்பில் விரல் கனத்துக்குத் தூசி. எனக்கு வாயெல்லாம் பல்.

"எங்க அண்ணி வீட்டுல எவ்வளவு கிடைச்சுது?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஒரு துளிகூட இல்லம்மா" என்றேன்.

"அப்படியா? நாளைக்கு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே துடைப்பச் சத்தம் கேட்டது.