வெள்ளைத் தூளுக்குப் பயந்தவ

வலையை இழுத்த ஷமீனா மீனை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தா. பதினஞ்சு ஜிலேபி மீனுல ஏழுக்கு முதுகு கோணல். மீனு செத்துத் தொலைஞ்சிருந்தாக்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டா. போன வெள்ளிக்கிழமை இதே குட்டையிலேர்ந்து நாலு மீனைப் புடிச்சு, ஆறு மாசப் புள்ளைத்தாச்சியா இருக்கிற மக பாஹிமாவுக்குத் தன் கையாலயே குழம்பு வச்சுப் போட்டிருக்காளே, அதுதான் பயம்.

ஷமீனா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில பொம்மைங்களைக் கிளேஸுங்கிற பூச்சுக் கரைசல்ல முக்கியெடுக்கிறவ. பொம்மைக்குப் பளபளப்பு வர்றது அதுல கலக்குற வெள்ளைத் தூளாலதான். ஃபோர்மேன் பழமலைநாதனுக்குப் பன்னெண்டு வருஷமா ஒரே பாட்டு: "வெள்ளைத் தூளு எதுவும் வாய்க்குள்ள போவக் கூடாது. கை கழுவாம சோத்துல கை வச்சா வேலையை வுட்டுப் போயிடு." கேட்டுக் கேட்டு அந்தப் பயம் அவளுக்கு எலும்புலயே ஏறிப்போச்சு.

புருசன் கியாசுதீன் குவைத்துலேர்ந்து அனுப்புனதை வச்சுத்தான் மங்கலம்பேட்டை பக்கம் குட்டை வெட்டினாங்க. தவிடு, புண்ணாக்கோட மினரல் தூளும் கலந்து போடணும்னு மீன்வளத் துறையில சொல்லித்தான் கொடுத்தாங்க. அந்தத் தூளும் வெள்ளை. பை கிழிஞ்சு போச்சேன்னு, கம்பெனியிலேர்ந்து கொண்டாந்த காலி கிளேஸ் சாக்குல அதைக் கொட்டி வச்சா புண்ணியவதி. ஒரு வாரம் மீனுக்குப் போட்டப்புறம்தான், சாக்குல ஒட்டியிருந்த கிளேஸ் தூளும் அதுல கலந்திருக்கும்னு உறைச்சுது. சாக்கோட வூட்டுக்குப் பின்னால குழி தோண்டிப் புதைச்சா. அன்னையிலேர்ந்து மினரல் தூளே வாங்கல. யார்கிட்டயும் மூச்சு வுடல.

இப்ப அந்த விஷம்தான் மீனு முதுகை முறுக்கிடுச்சு. நாளைக்குப் பேரப்புள்ளை முதுகும்... அதுக்கு மேல நெனைக்க அவளுக்குத் தெம்பில்ல. ரெண்டு மீனை ஐஸு போட்டுத் தூக்குவாளியில வச்சுக்கிட்டு பஸ்ஸு ஏறினா. வழி பூரா உதடு ஓதிக்கிட்டே வந்துது. என்ன ஓதினான்னு கேட்டா அவளுக்கே தெரியாது.

மீன்வளத் துறை ஆய்வாளர் ஜோஸ்பின் மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. ஷமீனா அழுதுகிட்டே எல்லாத்தையும் கொட்டிட்டா.

"இந்தக் குஞ்சுங்களை எப்பக்கா வுட்டீங்க?"

"ரம்ஜான் முடிஞ்சு, மேடம்."

"தூளைப் புதைச்சது?"

"நோன்புக்கு முந்தி. ஆனா போட்டது சேத்துல ஊறிக் கெடக்குமே?"

"நடுவுல குட்டையை வத்த வச்சு, சேத்தை வாரி, சுண்ணாம்பு அடிச்சீங்கல்ல?"

"அடிச்சோம்."

"அப்ப இந்த மீனுங்க அந்தத் தூளைக் கண்ணால பார்த்ததே இல்ல. விஷம் ஒண்ணுமில்லக்கா, சத்துதான் இல்ல. பாஸ்பரஸு தீனியிலதான் வரணும். தவிட்டுல இருக்கிறது மீனுக்குச் சரியா செரிக்காது. அது இல்லாம எலும்பு எதை வச்சு வளரும்? தூளை மறுபடி போடுங்க. குழம்பு தின்ன பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது."

நெஞ்சுல பாலை வார்த்தாப்ல இருந்துது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க. தூக்குவாளியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சவ, வாசப்படி வரைக்கும் போயி அப்படியே நின்னுட்டா.

பாஹிமாவுக்கு ஆஸ்பத்திரியில ரெண்டு தினுசு மாத்திரை கொடுத்திருந்தாங்க. ஷமீனா சிவப்பை மட்டும் தின்னச் சொன்னா. வெள்ளையை ஒடைச்சுப் பார்த்தா. விரல்ல மாவா ஒட்டுச்சு, கிளேஸு மாதிரியே. "இதை நிறுத்திட்டாங்கடி"ன்னு மககிட்ட பொய் சொல்லிட்டு, மூணு மாசமா அட்டை அட்டையா அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா.

"மேடம்," திரும்பி வந்து கேட்டா. "புள்ளைத்தாச்சிக்குக் கொடுக்கிறாங்களே, வெள்ளை மாத்திரை, அது எதுக்கு?"

"கால்சியம்க்கா. தாய்க்கும் புள்ளைக்கும் எலும்புக்கு. ஏன்?"

ஷமீனா ரோட்டுக்கு ஓடி வந்து மகளுக்குப் போன் போட்டா.

"பாஹிமா, அரிசிப் பானைக்குப் பின்னால ஒரு பை இருக்குது. எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நான் நேரா அங்க வந்துடறேன்."

"என்ன பைம்மா?"

"உன் புள்ளையோட எலும்பு"ன்னா ஷமீனா. "நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன்."