இருபது அடி பின்னால்

அப்பாவின் சட்டையில் கடைசிப் பொத்தானை மகள் போட்டுக்கொண்டிருந்தபோது மேசைமேல் அவருடைய போன் அலறியது. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனிதர், அப்படியே போய்விட்டார். அவர் வைத்த அலாரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? "டிரைவர். எட்டு மணி, பஸ் ஸ்டாப்" என்று திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

"அதை அணைச்சுத் தொலைடி," என்றாள் அத்தை.

அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். "ஐயோ, இன்னிக்கா," என்று சுவரில் சாய்ந்தாள்.

அப்பா மறுவாழ்வு ஆலோசகர். கையோ காலோ கண்ணோ போய் வீட்டில் முடங்கியவர்களை மறுபடி வேலைக்கு அனுப்புவது அவர் தொழில். டிரைவர் இருபது வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை வியாதி பார்வையைக் கொண்டுபோய்விட்டது. சைக்கிள் கம்பெனி ஒன்றில், நட்டு போல்ட்டைத் தடவிப் பார்த்து அளவுவாரியாகப் பிரிக்கும் வேலையை அப்பா அவருக்காகப் பிடித்து வைத்திருந்தார். தனியாக வந்துபோக வேண்டும் என்பது கம்பெனி போட்ட நிபந்தனை. இரண்டு தடவை பாதி வழியில் பயந்து திரும்பிவிட்டார் டிரைவர். இன்று ஒன்பது மணிக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

இப்படித் தனியாகக் கிளம்புகிறவர்களுக்குப் பின்னால் அப்பா இருபது அடி தள்ளி நடப்பார். பேச மாட்டார். வண்டி மோதும் என்றால் ஒழியத் தொட மாட்டார். பின்னால் ஆள் உண்டு என்ற தைரியம் மட்டும்தான் அவர்களுக்கு.

"நீ போ," என்றாள் அம்மா.

"நானா? அப்பாவை இப்படிப் போட்டுட்டா?"

"அவருக்கு இனிமே என்ன அவசரம். எடுக்கறது அஞ்சு மணிக்கு. டிரைவருக்கு மூணுக்கு ஷிப்டு முடியும். மூணேகாலுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், வந்து பாக்கட்டும்."

"இப்பவே சொல்லிடலாமேம்மா. மறைக்கறது தப்பில்லையா?"

"தப்புதான். திட்டினார்னா நான் வாங்கிக்கறேன். இப்பச் சொன்னா வேலையை விட்டுட்டு இங்க ஓடி வருவார். அப்புறம் எந்த ஜென்மத்துலயும் வாசப்படி தாண்ட மாட்டார். ஆறு மாசமா உங்கப்பா பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"சாவு வீட்டுல பெத்த பொண்ணு இல்லன்னா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க," என்றாள் அத்தை.

"பேசட்டும் அண்ணி. பேசிப் பேசி வாய் வலிச்சா நிறுத்திடுவாங்க."

மகளுக்குப் பொறுமை என்றால் கிலோ என்ன விலை. லிப்ட் பொத்தானை நாலு தடவை அழுத்துகிற ரகம். அதனாலேயே அப்பா ஒருநாளும் அவளைத் துணைக்கு அழைத்ததில்லை. அந்த வருத்தம் அவளுக்கு உண்டு. முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

இஸ்திரி போட்ட சட்டையும் வெள்ளைக் குச்சியுமாக ஸ்டாப்பில் நின்றிருந்தார் டிரைவர். "சார், நீங்க இருப்பீங்க, தெரியும்," என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். "பேச வேண்டாம், ரூல்ஸ் ஞாபகம் இருக்கு. எனக்கு எல்லா ரோடும் அத்துப்படி சார். ரோட்டுக்குத்தான் இப்ப என்னை அடையாளம் தெரியல."

அவள் இருபது அடி தள்ளி நின்றுகொண்டாள்.

பஸ்ஸில் ஏறினார். கண்டக்டரிடம் கேட்டு நாலாவது ஸ்டாப்பில் சரியாக இறங்கினார். இடதுபக்கம் இரண்டாவது சந்துக்குள் கம்பெனி. சந்து முனையில் எவனோ ஒரு புண்ணியவான் வேனைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். குச்சி வேனில் தட்டியது. அதைச் சுற்றிக்கொண்டு போனவர் சந்து முனையையும் தாண்டிவிட்டார்.

முனையிலிருந்து முப்பது அடி. நாற்பது. மணி எட்டு நாற்பத்தைந்து. மகளின் கால்கள் தாமாக ஓடின. எட்டிப் பிடித்தால் அவர் முழங்கை. கையை நீட்டியும்விட்டாள். இன்றைக்கு இழுத்துக்கொண்டுபோய் விடலாம். நாளைக்கு யார் வருவது? கையை மடக்கி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். சும்மா இருப்பதற்கு இவ்வளவு தெம்பு வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அப்பா முப்பது வருடமாக இதைத்தான் செய்திருக்கிறார்.

டிரைவர் நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "சந்து முனை லேத்துப் பட்டறைச் சத்தம் பின்னால போயிடுச்சே," என்று முணுமுணுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் திரும்பினார்.

"கம்பெனிச் சந்து எதுங்க?" கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டார்.

"தாண்டி வந்துட்டீங்களே. கூட்டிட்டுப் போகவா?"

"வேண்டாங்க. எத்தனை கடை பின்னால?"

"மூணு."

மூன்று கதவுகளைக் குச்சியால் எண்ணினார். வேனைத் தட்டி, அதன் ஓரமாக வளைந்து, சந்துக்குள் நுழைந்தார். மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

எட்டு ஐம்பத்தாறுக்குக் காவலாளி கேட்டைத் திறந்தார். டிரைவர் உள்ளே போகாமல் தெருவைப் பார்த்துத் திரும்பினார். அவள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி, ஒரு மின்கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டேன் சார். நாளைலேர்ந்து நீங்க அலைய வேண்டாம், நான் பாத்துக்கறேன். நிம்மதியா போயிட்டு வாங்க."

இதைக் கேட்க அப்பா இல்லையே என்று அவளுக்குக் கோபம் கோபமாக அழுகை வந்தது. துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் ஒரு கணம் கையை உயர்த்திவிட்டு, குச்சியை முன்னால் நீட்டிக்கொண்டு உள்ளே போனார். சற்றைக்கெல்லாம் ஒன்பது மணிச் சங்கு ஊதியது. மகள் வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காகச் சாலையைக் கடந்தாள்.