ரேடியோ வாசித்த வரி

நூலக மிஸ்ஸுக்கு நல்ல குரல் என்று அவள் கணவரைத் தவிர மற்ற எல்லோரும் சொல்வார்கள். அந்தக் குரலை நம்பித்தான் பள்ளி நூலகத்தில் 'கேட்கும் மூலை'யை அவள் தொடங்கினாள். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகக் கதைப் புத்தகங்களைத் தானே உரக்க வாசித்துக் கைபேசியில் பதிவு செய்வாள். சத்தம் விழக்கூடாதென்று மின்விசிறியை அணைத்து, ஜன்னலையும் சாத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வாசிப்பாள். பிள்ளைகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே புத்தகத்தைக் கையில் வைத்து, குரல் போகும் வேகத்துக்கு வரிக்குக் கீழே விரலை நகர்த்த வேண்டும். பக்கம் முடிந்தால் பதிவில் ஒரு கைதட்டல் வரும், புரட்டிவிட வேண்டும். விரல் நின்றதோ, ஹெட்போனைப் பிடுங்கிவிடுவாள். அதில் தயவு தாட்சண்யமே கிடையாது.

அந்த மூலைக்குத் தவறாமல் வருகிறவள் ரேடியோ. ஆறாம் வகுப்பு. காதில் விழுந்ததை ஏற்ற இறக்கத்தோடு அப்படியே ஒப்பிப்பதால் வகுப்பு வைத்த பெயர். வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். கரும்பலகையில் ஒரு வரி எழுதிப் படிக்கச் சொன்னால் மட்டும் தலை குனிந்துவிடும்.

"இந்தப் பொண்ண அஞ்சாம் வகுப்புக்கு எறக்கிடலாம் மேடம்," என்று தமிழ் சார் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை. அடித்தளம் போட வேண்டும் என்று நினைத்தார். கேட்கும் மூலையில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. "காதால கேக்கறதெல்லாம் படிப்பாயிடுமா?"

ஐந்தாம் வகுப்பில் ரேடியோவின் தம்பி இருந்தான். "தம்பி பக்கத்துல உக்கார்றதுக்கு நான் வீட்லயே இருந்துடறேன் மிஸ்," என்றாள் ரேடியோ. சிரிக்காமல் சொன்னாள். மிஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேடியோவின் அக்காவும் இப்படித்தான் ஒருநாள் நின்றவள், பிறகு பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை.

"என் முன்னாடி ஒரு கதை வாசிக்கட்டும்," என்றார் தலைமையாசிரியை. "வாசிச்சா ஆறுலயே இருக்கட்டும். இல்லேன்னா சார் சொல்றதுதான்."

மறுநாள் அவர் அறையில் ரேடியோ படகோட்டிக் கதையை விரித்தாள். தண்ணி பட்ட பாடாக வந்தது வாசிப்பு. படகோட்டி இருமினால் இவளும் இருமினாள். தலைமையாசிரியை முகம் மலர்ந்தது. மிஸ்ஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கம் முடிந்தது, ரேடியோ சரியான நேரத்தில் புரட்டினாள், மேலே தொடர்ந்தாள்.

"நில்லு," என்றார் தமிழ் சார். எட்டிப் பார்த்தார். "ரெண்டு தாள் சேர்ந்து பொரண்டிருக்கு. இந்தப் பக்கத்துல படகோட்டி வீட்டுக்கே போயிட்டான். நீ இன்னும் நடு ஆத்துல இருக்கியே?"

யாரும் சிரிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவள் ரேடியோ என்றாலும், முகம் செத்துப்போனது மிஸ்ஸுக்குத்தான். விரல் நகர்கிறதா என்றுதானே இத்தனை நாள் பார்த்தாள். கண் எங்கே போகிறது என்று பார்த்தாளா? எப்போது புரட்ட வேண்டும் என்பதையும் கைதட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவளேதான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"சரிம்மா, போதும். புத்தகத்தக் குடு," என்றார் தலைமையாசிரியை.

ரேடியோ கொடுக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒட்டிய தாள்களை நகத்தால் பிரித்தாள். விட்டுப்போன பக்கத்தின் தலையில் விரலை வைத்தாள். "ப... படகோட்டி... அ... அசந்து... தூங்கி... விட்டான்." இப்போது இருமலும் இல்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. மாட்டு வண்டி மேடேறுவது போல இருந்தது.

"இதுவும் மனப்பாடம்தான்," என்றார் சார்.

அடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. மிஸ்ஸால் பொறுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் அவள் குரலிலேயே ஓடிய கதை, அவளுக்கும் தலைகீழ்ப் பாடம். "காலையில் கண் விழித்தபோது..." என்று மெல்ல எடுத்துக்கொடுத்தாள்.

ரேடியோ மறுத்துத் தலையாட்டினாள். "அது இல்ல மிஸ். இங்க வேற இருக்கு."

"வேறயா?"

"க... கயி... கயிற்றின்... மறு... முனையை... அவன்... மகள்..." மூச்சு வாங்கினாள். "கரை... மரத்தில்... கட்டி... வைத்... திருந்தாள்." நிமிர்ந்தாள். முகமெல்லாம் பல். "அதானே பாத்தேன்! ஆத்துல அவ்ளோ தண்ணி போகுது, படகு மட்டும் ஏன் அடிச்சிட்டுப் போகலன்னு மண்டைய ஒடச்சிட்டிருந்தேன். நீங்க இத சொல்லவே இல்லயே மிஸ்!"

தமிழ் சார் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். வரி இருந்தது. மிஸ்ஸைப் பார்த்தார்.

"பதிவு பண்றப்ப அந்த எடத்துல தும்மல் வந்துச்சு சார்," என்றாள் மிஸ். "நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சேன். ஒரு வரி தள்ளி ஆரம்பிச்சிருக்கேன் போல." சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் தப்பை நினைத்து ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

சார் புத்தகத்தை ரேடியோவிடமே திருப்பிக் கொடுத்தார். "இந்த வரிய அவளுக்கு யாரும் சொல்லித் தரல மேடம். அவளேதான் படிச்சிருக்கா. ஆறுலயே இருக்கட்டும்."

ரேடியோ அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "மத்த கதையிலயும் இப்படி விட்டிருப்பீங்களா மிஸ்?" என்று கேட்டாள். "எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, நான் படிச்சுப் பாக்கறேன்."