கம்பெனிப் பந்தல்

சாவு வீட்டில் வியாபாரம் பண்ணலாம் என்று முதலில் கண்டுபிடித்தவன் லுபேகாதான். அப்போது மசாகா பக்கம் அவன் வேலை பார்த்த போன் கம்பெனியைச் சீந்த ஆளில்லை. சிம் கார்டைச் சும்மா கொடுத்தாலும் சனம் வாங்கிப் பல் குத்திக்கொண்டு போனது. லுபேகா யோசித்தான். இந்த ஊரில் கல்யாணத்துக்கு வராதவன்கூட அடக்கத்துக்கு வந்துவிடுவான். வருகிறவன் துக்கக் காசு போடாமல் போகமாட்டான். அந்தக் காசைப் போன் வழியாகப் போட வைத்தால்?

வைத்தான். பச்சைத் தார்ப்பாய்ப் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மைக் எல்லாம் கம்பெனி செலவு. கம்பெனிக்காரன் சும்மா ஒரு நாற்காலி போட்டால், உட்காருகிறவன் தலையை எண்ணத்தான் போடுவான். சனம் அதை யோசிக்கவில்லை, உட்கார்ந்தது. லுபேகா நான்கு மாவட்டத்துக்குத் தலைவனானான். கம்பாலாவிலிருந்து கோட்டுப் போட்டவர்கள் வந்து அவன் வித்தையை எழுதிக்கொண்டு போனார்கள்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அவனே பாடம் எடுப்பான். "துக்க வீட்டுக்காரன்கிட்ட அனுமதி கேக்காதீங்கடா. வேணாம்னுதான் சொல்லுவான். அது அவன் பேசல, துக்கம் பேசுது. நீங்க பாட்டுக்குக் கம்பத்த நடுங்க. நட்ட பந்தல எவனும் புடுங்கச் சொல்லமாட்டான்."

அவன் மகள் நாமுலிக்கு இதெல்லாம் கேலி. பிறந்ததிலிருந்தே ரத்தத்தில் நோய். மாசத்துக்கு ஒரு தடவை எலும்பெல்லாம் குத்தும், ஆஸ்பத்திரியில் கிடப்பாள். அப்போதும் வாய் ஓயாது.

"என்னப்பா, இன்னைக்கு எந்த வீட்டுல சாவு? யாவாரம் எப்படி?"

"சும்மா கெட கழுதை."

"நான் செத்தா எத்தனை சிம் விக்கும்?"

அவள் அம்மா நந்தவூலா அந்தப் பேச்சுக்குச் சிரிக்கவே மாட்டாள்.

பத்தொன்பது வயசில், மழைக்காலத் தொடக்கத்தில், நாமுலி போய்விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நந்தவூலா அழவில்லை. புருஷன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாமுலி அப்பா, ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். எம்பொண்ணு அடக்கத்துல உங்க பச்சைப் பந்தல் வரக்கூடாது."

"வராது."

"மைக்கும் வரக்கூடாது. அவளுக்காக வர்றவங்க வரட்டும், போதும்."

"வராதுன்னு சொல்லிட்டேன்ல, நாமுலி அம்மா."

அங்கேயே நின்று கவூமாவுக்குப் போன் போட்டான். கவூமா அவன் கையில் வளர்ந்த பையன், பந்தல் வேலைக்கு இப்போது அவன்தான் பொறுப்பு. "எங்க வீட்டுக்குப் பந்தல் வேணாம்டா, புரியுதா?" என்றான். "சரிங்க பாஸ், நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க" என்று கவூமா அழுதான். அழுதது உண்மை. ஆனால் கேட்டுக்கொண்டானா என்றால் இல்லை.

மறுநாள் காலையில் லாரி வந்தது. லுபேகா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருவதற்குள் பையன்கள் பாதிக் கம்பத்தை நட்டுவிட்டார்கள். கண் வீங்கிய கவூமா கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எவன்டா வரச் சொன்னது? அவுருடா."

"பாஸ், நீங்க உள்ள போங்க."

"பாஸ் சொல்றேன், அவுரு."

"இன்னைக்கு நீங்க பாஸ் இல்ல. துக்க வீட்டுக்காரர்." கவூமா அவன் தோளைப் பரிவாகத் தொட்டான். "அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் போட்டேன். உங்க பொண்ணுக்குப் போடாம விட்டா நான் மனுசனா? கம்பெனிப் பெரியவரு வேற கம்பாலாவுலேர்ந்து வர்றாரு."

லுபேகா கம்பத்தைப் பிடித்து ஆட்டினான். குலத்துக்கு மூத்தவரான பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டேய், வானத்தைப் பாத்தியா? இத்தனை சனம் வந்திருக்கு. கெழவிங்க ராத்திரி முழுக்க வாழை எலையில உக்காந்து இடுப்பு ஒடிஞ்சு கெடக்குறாளுங்க. நெழல் கொண்டு வந்தவன வெரட்டுவியா? சாவுக்கு ஒத்தாசையா வந்தவன வெரட்டின வீடுன்னு நம்ம குலத்துக்குப் பேரு வாங்கித் தரப் போறியா?"

இந்த நாட்டில் அடக்கத்துக்கு உதவி கொண்டு வருகிறவனைத் திருப்பி அனுப்புவது, செத்தவர் முகத்தில் துப்புகிற மாதிரி. லுபேகா கம்பத்தை விட்டுவிட்டான். உள்ளே போய் நந்தவூலாவிடம் சொல்ல வேண்டும். வாசல் வரைக்கும் போனான். பெட்டிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி வெளியே பச்சையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் உள்ளே போகவில்லை.

மதியம் பெரியவர் வந்தார். வழவழவென்று கார், கூடவே போட்டோ எடுக்கிறவன். வந்தவுடன் மழையும் பிடித்துக்கொண்டது. சனம் மொத்தமும் பந்தலுக்குள் நெருக்கியடித்தது. மழை விட்டதும் அடக்கம், அதுவரைக்கும் யாரும் நகர வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள். அடுத்த மூச்சில் அதே மைக், "நம்ம தங்கச்சி நாமுலி நினைவா, இன்னைக்கு இங்க சேர்றவங்களுக்குப் பேச்சு நேரம் ரெட்டிப்பு" என்றது. சிம் வாங்க ஒரு பக்கத்தில் வரிசை உருவாயிற்று. அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் லுபேகாவின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள்.

முன்வரிசையில் பெரியவர் பக்கத்தில் அவனை உட்கார வைத்திருந்தார்கள். எழுந்து மைக்கைப் பிடுங்கியிருக்கலாம். இத்தனை வருஷம் எத்தனையோ அப்பன்கள் இப்படி முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். பந்தல் பிடித்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அன்றைக்கெல்லாம் நினைத்தான்.

பெரியவர் எழுந்து பேசினார். கம்பெனியின் வளர்ச்சி, லுபேகாவின் தலைமை, நாடு முழுக்க இனி இந்தப் பந்தல். தார்ப்பாய் மேல் மழை கொட்டிய கொட்டில் பாதி காதில் விழவில்லை. அப்போது ஒரு கிழவி பின்னாலிருந்து அவன் காதில் குனிந்தாள்.

"ஐயா, பொண்ணத் தூக்கிட்டாங்க. பின்வாசல் வழியா."

எழுந்தான். அதே நேரத்தில் பெரியவர் கையை நீட்டினார். போட்டோக்காரன் முன்னால் வந்து மண்டி போட்டான். நீட்டிய கையை விட்டுவிட்டுப் போக லுபேகாவுக்குத் தெரியவில்லை. கொடுத்தான். பெரியவர் விடவில்லை; இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஆறுதல் சொன்னார். இன்னொரு படம் எடுத்தார்கள். பிறகு கம்பெனி ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுக்க, ஒவ்வொருவரோடும் ஒரு படம். நனைந்த கண்ணோடு கவூமா கை தட்டினான், சனமும் தட்டியது.

விடுபட்டு வாழைத் தோட்டத்துக்குள் ஓடினான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினான்.

நந்தவூலாவின் தம்பிகள் இரண்டு பேர், குழி வெட்டிய நாலு பேர், ஒரு பாதிரியார். அவ்வளவுதான் கூட்டம். மண்வெட்டியைத் திருப்பி மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நந்தவூலா மழையில் மண்டியிட்டு, கையால் மண்ணை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள், பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி.

"எனக்காகக் காத்திருக்கக் கூடாதா?" என்றான் லுபேகா.

மூத்த மச்சினன் நிமிரவில்லை. "கூப்பிட ஆள் அனுப்பினோம் மச்சான். நீங்க பெரியவரோட போட்டோவுக்கு நிக்கிறதா வந்து சொன்னான்."

"நாமுலி அம்மா..."

"அப்படிக் கூப்பிடாதீங்க." அவள் திரும்பவில்லை. சத்தமும் போடவில்லை. "போங்க. மழை விட்டதும் அங்க சனம் எழுந்து வரும். இங்க யாரையும் விடாதீங்க. அதையாவது செய்யுங்க."

அவன் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தான். பெற்றவன் போட வேண்டிய மண். போடக் குழி இல்லை. மேட்டின் மேல் வைக்கலாம் என்றால் அங்கே அவள் கை இருந்தது. பிடியை இறுக்கினான். மழைத் தண்ணீரில் மண் கரைந்து, விரல் சந்து வழியாக அவன் காலிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.