இடது கால் மட்டும்

எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்ததுமே ருக்குவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அது. பம்பாய் மாட்டுங்கா வீட்டின் உள்ளறையில் அவளுடைய ஓரகத்தி நாகலக்ஷ்மி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். பத்து நாள் தீட்டு கழியும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்பது மாமியார் போட்ட சட்டம். அசையாமலே கிடந்த கால்களில் இடது கால் மட்டும் பூசணிக்காயாய் வீங்கிவிட்டது. அதை உருவிவிடத்தான் தாராவியிலிருந்து முருகம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கையை எடு முருகம்மா!"

"என்னடி அதட்டல்?" என்றாள் மாமியார். "பிள்ளை பெத்தவளுக்குக் கால் வீங்காதா? நேத்திக்கும் உருவினா. வடிஞ்சுடும்."

"ரெண்டு காலுமா வீங்கியிருக்கு? தொட்டுப் பாருங்கோம்மா, இது மட்டும் கொதிக்கறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், தேய்க்கவே தேய்க்காதே, உடனே கொண்டு வான்னு பிரசவத்துக்கு முன்னாடி காட்டப் போனப்போ ஆஸ்பத்திரி நர்ஸ் படிச்சுப் படிச்சுச் சொன்னா."

"நாளைக்குப் புண்யாகவாசனம், தீட்டு கழிஞ்சுடும். அது ஆகட்டும், போகலாம். தீட்டோட படி இறங்கினா நாலு பேர் என்ன சொல்லுவா?"

நாகு மெல்ல வாயைத் திறந்தாள். "மன்னி... மூச்சு விட்டா நெஞ்சிலே குத்தறது."

அவ்வளவுதான், ருக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எட்டத் தள்ளினாள். மூச்சு முட்டினால் ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்றும் அந்த நர்ஸ் சொல்லியிருந்தாளே! வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் கோட்டைப் பகுதியிலிருந்த ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்குச் சொல்லியனுப்பி, அவர்கள் ரயிலேறி வந்து, அம்மா முகத்தைப் பார்த்துத் திருதிருவென்று முழித்து... விளங்கினாற்போலத்தான்! வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுச் சங்கரனையும் படியேறி வந்த பால்காரனையும் கையோடு இழுத்து வந்தாள்.

"பையா, குர்சி பக்டோ!" என்று பால்காரனை நாற்காலியைப் பிடிக்கச் சொன்னாள்.

நாகுவை நாற்காலியில் உட்கார்த்தித் தூக்கியதும் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என்னை மீறிப் போவியா?"

"போவேன். திரும்பி வந்தப்புறம் என்னை வீட்டை விட்டே துரத்துங்கோ. இப்போ வழியை விடுங்கோ!"

அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக மாமியாரின் தோளைப் பிடித்து ஒதுக்கித் தள்ளினாள். நாகுவை ஓர் அடிகூட நடக்க விடாமல் மாடியிலிருந்து இறக்கி, டாக்ஸியில் ஏற்றிக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடராமன் நாகுவைப் பார்த்துவிட்டு வெளியே வந்த சமயம், மாமியாரும் விக்டோரியா குதிரை வண்டி பிடித்து வந்து சேர்ந்தாள். கையில் குழந்தை பாலுக்கு வீறிட்டது.

"கால்லே உறைஞ்ச ரத்தத்திலேருந்து ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருக்கு," என்றார் டாக்டர். "சின்னதா இருந்ததாலே இப்போதைக்குத் தப்பிச்சா. ஊசி போட்டாச்சு. மிச்சம் நகராம பாத்துக்கணும். நாளைக்குக் கொண்டு வந்திருந்தா நான் பொறுப்பில்லை. யார் காலை உருவச் சொன்னது?"

ருக்குவுக்குக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் மாமியார்.

"நான்தான்," என்றாள் மாமியார்.

"கொண்டுவந்தது யாரு?"

மாமியார் ருக்குவின் பக்கம் திரும்பினாள். குழந்தையை ருக்குவின் கையில் கொடுத்தாள்.

"இவ. நான் வாசலை மறிச்சுண்டு நின்னேன் டாக்டர். நல்லவேளை, என்னைத் தள்ளிட்டா."