பை பார்க்கும் வேலை

எங்கள் லாண்டரியில் எந்தத் துணியும் பையைப் பார்க்காமல் தொட்டிக்குப் போகாது. அது எங்கள் அப்பா வைத்த சட்டம். சட்டைப் பை, காற்சட்டைப் பை, கோட்டின் உள்பை, எல்லாவற்றிலும் கை விட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்ததைச் சின்னக் காகித உறையில் போட்டு, தேய்த்த துணியோடு ஹேங்கரில் கட்டி அனுப்ப வேண்டும். என்ன கிடைத்தது என்று யாரிடமும் பேசக் கூடாது. சாவி, சீப்பு, யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் போன காதல் சீட்டு, குடிக்கிற பழக்கமே இல்லாதவர் பையில் பாட்டில் மூடி. எங்கள் சபையில் பாதிப் பேரின் அந்தரங்கம் எங்கள் கை வழியாகப் போயிருக்கிறது. ஒரு சொல் வெளியே போனதில்லை. அதனால்தான் போதகரின் அங்கியிலிருந்து பாடகர் குழுவின் அங்கி வரை எல்லாம் எங்கள் கடைக்கே வந்தன.

என்னைக் கஞ்சிக்காரர் என்பார்கள். துணிக்குப் போடுகிற கஞ்சியில் கொஞ்சத்தை நான் முதுகுக்கும் போட்டுக்கொள்கிறேனாம். சொல்லிவிட்டுப் போகட்டும். வளைந்த முதுகைவிட அது மேல்.

பை பார்க்கிற வேலை என் தம்பியுடையது. நிதானமான கை அவனுக்கு. இளம் வயதில் அவனுக்கு மனக்கோளாறு வந்தது. காதில் குரல்கள் கேட்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அது அடங்கியது. தினமும் போட்டால் சரி, விட்டால் திரும்ப வரும் என்றார். போட்டான். கல்யாணம் செய்தான். வேலை பார்த்தான். கேட்டவர்களிடம் வயிற்றுப் புண்ணுக்கு மாத்திரை என்று சொல்லி வைத்தோம். அது என் ஏற்பாடு. ஒரு வீட்டின் உள்ளறையில் என்ன இருக்கிறது என்பதைத் தெருவுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

சபைச் செயலாளர் அதைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்.

அவர் நல்ல குரல் உள்ள மனிதர். அவர் ஜெபம் செய்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒருநாள் ஜெபக் கூட்டத்தில் என் தம்பியின் தலையில் கை வைத்து, உனக்கு வயிற்றில் அல்ல, மனதில்தான் நோய், ஆண்டவர் எனக்குக் காட்டினார் என்றார். தம்பி ஆடிப் போனான். தம்பி மனைவிதான் செயலாளர் வீட்டில் அழுது சொல்லியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. ஆண்டவர் காட்டியது அந்த வழியாகத்தான்.

சுகம் கிடைத்தவர்கள் எழுந்து அதைச் சொல்லும் அடுத்த சாட்சி ஞாயிற்றில் தம்பி எழுந்து மைக்கைப் பிடித்தான். முன் பெஞ்சில், அப்பா காலத்திலிருந்து எங்களுக்கென்று இருக்கிற இடத்தில், நான் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு மனசுல நோய் இருந்துச்சு. இன்னையோட போயிடுச்சு. இனி எனக்கு இது வேண்டாம்."

சொல்லிவிட்டு மாத்திரைப் பெட்டியைக் காணிக்கைத் தட்டில் வைத்தான். நீல நிறத் தகரப் பெட்டி. சபை கைதட்டியது. பெண்கள் அழுதார்கள். செயலாளர் தட்டை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார்.

ஆராதனை முடிந்ததும் அலுவல் அறையில் இருந்த கண்ணாடி அலமாரியில் அந்தப் பெட்டி ஏறியது. ஏற்கெனவே அங்கே சுகமானதாகச் சொன்னவர்கள் கொடுத்த ஒரு கைத்தடி, ஒரு மூக்குக் கண்ணாடி, கழுத்து வலிக்குப் போடும் பட்டை ஒன்று இருந்தன. கைத்தடி கொடுத்தவர் வேறு கைத்தடியோடுதான் நடந்துகொண்டிருந்தார். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டேன். "யாரைக் கேட்டுடா மைக்கைப் பிடிச்ச?"

"ஆண்டவரைக் கேட்டேன் அண்ணே."

"எங்கிட்ட கேட்டிருந்தா அவர் ஒண்ணும் கோவிச்சிருக்க மாட்டார். வேற மாத்திரை வாங்கி வச்சிருக்கேன். போடு."

"குடுத்ததைத் திரும்ப வாங்கச் சொல்றீங்களா? ஆண்டவர் தட்டுல வச்சதைத் திருடித் திங்கச் சொல்றீங்களா?"

"இது வேற பெட்டி."

"மாத்திரை அதே மாத்திரைதான? போட்டா என் சாட்சி பொய்யாயிடும். அவரைப் பொய்க்காரர் ஆக்க மாட்டேன்."

கொஞ்ச நாள் நன்றாகவே இருந்தான். அவனை வீடு வீடாக அழைத்துப் போய் மற்ற நோயாளிகள் தலையில் கை வைக்கச் சொன்னார்கள். பிறகு தூக்கம் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. ஒரு நாள் காலை, வேலையில் உட்கார்ந்தவன் ஒரு சட்டையைத் தூக்கி எறிந்தான்.

"பைக்குள்ள ஆள் இருக்காங்க அண்ணே. பேசுறாங்க."

"யாரு?"

"உங்களைப் பத்தித்தான் பேசுறாங்க."

தம்பி மனைவி மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்தாள். கண்டுபிடித்துவிட்டான். அதன் பிறகு அவள் கையால் எதையும் தொடவில்லை. தண்ணீரைக்கூடக் குழாயில் வாய் வைத்தே குடித்தான். அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, நான்தான் அவங்க வீட்டுல சொன்னேன். ஜெபம் பண்ணுவாங்கன்னு நெனச்சேன்."

"பண்ணினாங்களே. நல்லா கேட்டுச்சே, தெரு முனை வரைக்கும்."

அவள் அழுதாள். நான் அவளை அழ விட்டேன்.

அந்த வாரமே அவன் தேய்ப்பு இயந்திரத்தின் சூடான தகட்டில் உள்ளங்கையை வைத்தான். சுகமானவனைச் சூடு ஒன்றும் செய்யாது என்று குரல் சொன்னதாம். நான் ஓடிப் போய் இழுப்பதற்குள் தோல் தகட்டில் ஒட்டிக்கொண்டது. ஜெபக் குழு வீட்டுக்கு வந்தது. கட்டுப் போட்ட கையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு போடும்போது ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "போன பிசாசு சும்மா வரல, சொந்தக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருக்கு."

டாக்டர் தம்பியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "இன்னும் தள்ளிப் போட்டீங்கன்னா பழைய ஆளா உங்களுக்குக் கிடைக்க மாட்டார். உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்."

"வாயைத் திறக்க மாட்டேங்கிறானே."

"எப்படியாவது."

தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். என்ன செய்தால் போடுவாய் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வாங்கினவர் தன் கையால திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவேன். அதே பெட்டி. அப்போ ஆண்டவரே வேண்டாம்னு திருப்பிட்டார்னு அர்த்தம்."

பைத்தியத்தின் பேச்சாக இருந்தாலும் அதில் ஒரு கணக்கு இருந்தது. ஆகவே, வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டிராத நான், அந்தத் தகரப் பெட்டியைக் கேட்கப் போக வேண்டியதாயிற்று.

ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அலுவல் அறையில் கமிட்டி கூடும். தம்பியையும் அவன் மனைவியையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். செயலாளர் வெள்ளைக் கோட்டில், நான் கஞ்சி போட்ட அதே கோட்டில், நடுவில் உட்கார்ந்திருந்தார். கமிட்டிக்காரர்கள் இருவர். புதிதாக வந்திருந்த இளம் போதகர் ஓர் ஓரமாக. செயலாளரின் மகள், பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று பாடுகிற பெண், பின்னால் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டேன். நின்றுகொண்டேதான் கேட்டேன்.

செயலாளர் சிரித்தார். "கஞ்சிக்காரரே, காணிக்கையைத் திருப்பிக் குடுக்கிற வழக்கம் இங்க கிடையாது."

"ஒரு மனுஷன் உயிரு."

"உயிரு ஆண்டவர் கையில. சுகம் ஏன் நிக்கலைன்னு யோசிச்சீங்களா? உங்க குடும்பத்துல மறைச்சு வச்ச பாவம் ஏதோ இருக்கு. அடுத்த ஞாயிறு மைக்ல வந்து அதைச் சொல்லுங்க. உங்க அப்பா காலத்துல இருந்து என்ன உண்டோ எல்லாத்தையும். சபை மன்னிச்சா பெட்டி வரும்."

இளம் போதகர் வாயைத் திறந்தார். "ஐயா, நானே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுறேன். நோய்க்கு மருந்து சாப்பிடறது..."

"தம்பி, நீங்க வந்து ரெண்டு மழை பார்க்கல. சும்மா இருங்க," என்றார் செயலாளர். போதகர் சும்மா இருந்தார்.

"எங்க அப்பா பேரை மைக்ல இழுக்கச் சொல்றீங்க," என்றேன்.

"பேரைக் காப்பாத்தணுமா, தம்பியைக் காப்பாத்தணுமா? நீங்களே பாருங்க."

என் சட்டைப் பையில் ஒரு காகித உறை இருந்தது. அந்த வாரம் தம்பி வேலைக்கு வராததால் பைகளை நானே பார்த்தேன். செயலாளர் கோட்டின் உள்பையில் மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. அது புதிதல்ல. வருஷக்கணக்காக அவ்வப்போது அந்தப் பையில் அது கிடைக்கும். உறையில் போட்டு, அவர் பெயர் எழுதி, ஹேங்கரில் கட்டி அனுப்புவோம். என் தம்பி போடுகிற மாத்திரையேதான். அதே அட்டை, அதே நிறம். இந்த முறை நான் அதை ஹேங்கரில் கட்டவில்லை.

உறையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அட்டையை வெளியே இழுத்து, எழுத்து எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தேன்.

"உங்க கோட்டுப் பையில இருந்துச்சு. திருப்பிக் குடுக்க மறந்துட்டேன். என் தம்பி வீட்டுலயும் இதேதான். உங்களுக்குக் குரல் கேக்கிறது எந்தக் காதுல, இடதா வலதா?"

கமிட்டிக்காரர் ஒருவர் அட்டையைக் கையில் எடுத்துப் படித்தார். செயலாளரின் முகம் வெளுத்துப் போனது. அவர் ஒத்துக்கொள்வார், அல்லது இல்லை என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. திரும்பிப் பார்க்காமலே விரலைப் பின்னால் நீட்டினார்.

"எனக்கில்ல. எனக்கு ஒண்ணும் கிடையாது. இவளுக்கு. இவ அம்மா வழியில வந்தது."

அந்தப் பெண்ணின் கையிலிருந்த புத்தகங்கள் விழவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அப்பா," என்று மட்டும் சொன்னாள். முந்தின அரை மணியில்தான் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடியிருந்தாள். நல்ல சாரீரம்.

எனக்கு அது தெரியாது. அட்டை அவருடையது என்றே நினைத்திருந்தேன். ஆனால் பாதியில் நிறுத்துகிறவன் அதைத் தொடங்கியிருக்கக் கூடாது.

"அப்படின்னா இதையும் கண்ணாடி அலமாரியில வச்சிடலாமே," என்றேன். "இடம் இருக்கு. கைத்தடிக்குப் பக்கத்துல. இல்ல, உங்க பொண்ணுக்கு மட்டும் ஆண்டவர் மாத்திரை வழியா வருவாரா?"

செயலாளர் அலமாரிச் சாவிக் கொத்தை எடுத்தார். இரண்டு சாவி மாற்றிப் போட்டும் பூட்டு திறக்கவில்லை. போதகர் உதவப் போனார். நான் தடுத்தேன்.

"அவர் கையாலதான் குடுக்கணும்."

தம்பியை உள்ளே கூப்பிட்டேன். கட்டுப் போட்ட கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு வந்து நின்றான். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம். செயலாளர் தகரப் பெட்டியை நீட்டினார். தம்பி வாங்காமல் அவரையே பார்த்தான்.

"ஆண்டவர் திருப்பித் தர்றாரா?"

செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த அட்டையைப் பார்த்தார்.

"ஆமா. தர்றார்."

"வேண்டாம்னு சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"ஏன்?"

"வாயைத் திற," என்றேன் நான், சின்ன வயதில் விளக்கெண்ணெய் கொடுக்கும்போது சொன்ன அதே குரலில். திறந்தான். மாத்திரையை வைத்தேன். தம்பி மனைவி தண்ணீர் கொடுத்தாள். அவள் கையிலிருந்து வாங்கிக் குடித்தான்.

வெளியே வரும்போது போதகர் என் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஐயா, நீங்க கேட்டது நியாயம். ஆனா அந்தப் பொண்ணு..."

"என் வீட்டு ஆளை நான் பார்த்தேன். அவங்க வீட்டு ஆளை அவங்க பார்க்கட்டும்."

"நீங்க பார்த்த விதம்..."

"நீங்க ரெண்டு வார்த்தை சத்தமா பேசியிருந்தா நான் பேச வேண்டி வந்திருக்காது போதகரே."

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் சத்தமாகவே பேசினார். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஜெபிக்கும் இடத்தில், மனநோய் உள்ளவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் என்று சேர்த்துக்கொண்டார். மருந்தை நிறுத்தச் சொல்கிறவன் தேவனுக்காகப் பேசவில்லை என்று பிரசங்க மேடையிலிருந்தே சொன்னார். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். சிலர் கூட்டம் கலைந்த பிறகு அவர் அறைக்கு வெளியே தயங்கி நின்றார்கள். அலமாரியைக் காலி செய்து அதில் பாட்டுப் புத்தகங்களை வைத்தார்கள். மாறிவிட்டது சபை என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். எது மாற்றியது என்று யாரும் சொல்வதில்லை.

அந்தப் பெண் பாடகர் குழுவிலிருந்து விலகினாள். அவளுக்குப் பேசி முடித்திருந்த இடம் கைவிட்டுப் போயிற்று. கமிட்டிக்காரர்களில் ஒருவரின் உறவு அது. அவளுடைய அங்கி கடைசியாக எங்கள் கடைக்குத்தான் வந்தது, இன்னொரு பெண்ணுக்காகக் குட்டையாக்கித் தரச் சொல்லி. வெட்டித் தைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தோம்.

எங்கள் கடைக்கும் ஒன்று நேர்ந்தது. இப்போது வருகிற துணிகளின் பைகளில் எதுவும் இருப்பதில்லை. ஒரு பஸ் சீட்டுகூட இல்லை. வீட்டிலேயே எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கொண்டு வருகிறார்கள். கொடுக்கும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. அப்பா வைத்த சட்டம் என் கையால் முடிந்தது. எங்கள் பெயருக்கு அந்த விலை உண்டு என்றால், அதைக் கொடுத்தாயிற்று. முன் பெஞ்சில் நாங்கள் இன்றும் உட்காருகிறோம்.

தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான். முன்புபோல் இல்லை. மெதுவாகப் பேசுகிறான். உள்ளங்கைத் தோல் இறுகிவிட்டதால் விரல்கள் முழுதாக விரிவதில்லை. ஆனாலும் வெறும் பைகளில் ஒவ்வொன்றாகக் கை விட்டுப் பார்க்கிறான்.

போன வாரம் செயலாளரின் வெள்ளைக் கோட்டு வந்தது. இந்தப் பக்கத்தில் கோட்டுக்குக் கஞ்சி போடத் தெரிந்த கடை எங்களுடையது ஒன்றுதான். ஆள் மூலம் அனுப்பியிருந்தார். தம்பி பையில் கை விடப் போனான். போகவில்லை. வெளிப்பை, உள்பை எல்லாவற்றின் வாயும் தடித்த கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான, சின்னத் தையல். ஆண் கை தைத்த தையல் இல்லை.

"அண்ணே, பையைத் தைச்சு அனுப்பியிருக்காங்க. பிரிச்சுப் பார்க்கணுமா?"

"வேண்டாம்."

அவன் கோட்டைத் தூக்கித் தைத்த பையைக் காதோரம் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"உள்ள யாரும் இல்லண்ணே."

தொட்டியில் போடச் சொன்னேன்.